காற்றைக் காட்டிக்கொடுக்கும் கல்பாசி

செட்டிநாட்டுக் குழம்புக்கு மசாலா வறுக்கும்போது பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ இவற்றோடு கறுப்பும் சாம்பலுமாகச் சருகு போல ஒன்றும் சட்டியில் விழும். அதுதான் கல்பாசி. சும்மா கையில் எடுத்து முகர்ந்தால் பெரிதாக வாசனை இருக்காது. சூடான எண்ணெய் பட்டதும் அடுப்படி முழுக்க மணக்கும். மளிகைக் கடையில் சிலர் இதைக் 'கல்பாசிப்பூ' என்று கேட்டு வாங்குவார்கள்.

உண்மையில் அது பூவும் இல்லை, வெறும் பாசியும் இல்லை. கல்லில் மட்டும்தான் வளரும் என்பதும் இல்லை. மலைக்காட்டு மரங்களின் பட்டையிலும் ஒட்டி வளரும். பள்ளிக்கூடத் தாவரவியல் புத்தகத்தில் 'லைக்கன்' என்று ஒரு பாடம் வந்திருக்குமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் கல்பாசி. பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிற அந்தப் பெயருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஓர் ஊரின் காற்று எப்படி இருக்கிறது, அதைச் சுவாசிக்கிறவர்களின் உடம்புக்கு என்ன ஆகும் என்பதை மருத்துவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிற வேலை.

கூட்டுக் குடித்தனம்

லைக்கன் என்பது தனி உயிர் அல்ல. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டுகிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைத்துப் போடுகிறது. சில வகைகளில் பாசியின் இடத்தில் நீலப்பச்சை பாக்டீரியா இருக்கும். இப்படி உலகம் முழுக்க ஏறக்குறைய 20,000 வகை லைக்கன்கள் இருக்கின்றன. பனிப் பாலைவனத்திலும் இருக்கும், வெயில் காயும் பாறையிலும் இருக்கும்.

இதற்கு வேர் கிடையாது. மரத்தில் ஒட்டியிருந்தாலும் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. தோட்டத்து மாமரத்திலும் தென்னையிலும் வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாகப் படிந்திருப்பதைப் பார்த்து, மரத்துக்கு ஏதோ நோய் என்று பயந்து சுரண்டி எடுப்பவர்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை லைக்கன்கள்தான். மரத்துக்கு அவற்றால் கெடுதல் இல்லை. மரம் அவற்றுக்கு உட்கார ஒரு திண்ணை, அவ்வளவுதான்.

வேர் இல்லாததால், தேவையான அத்தனையையும் லைக்கன் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் பனியிலிருந்தும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. மரத்தின் இலைக்கு மேலே மெழுகுப் பூச்சு உண்டு. மூடித் திறக்கிற இலைத்துளைகள் உண்டு. நஞ்சு சேர்ந்தாலும் ஒருநாள் அந்த இலை உதிர்ந்துவிடும். லைக்கனுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவுமே இல்லை. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல, வருகிறதை எல்லாம் உள்ளே வாங்கிக்கொள்ளும். வளர்ச்சியோ மிக மெதுவானது. பல வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, அந்த இடத்துக் காற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

பாரிஸ் பூங்காவில் தொடங்கிய கதை

இதை முதலில் தெளிவாகக் கவனித்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் நைலாண்டர். பின்லாந்தில் பிறந்து, ஹெல்சின்கியில் தாவரவியல் பேராசிரியராக இருந்து, பிறகு பாரிஸில் குடியேறியவர். அங்கே லக்ஸம்பர்க் பூங்கா மரங்களில் அவர் முப்பதுக்கும் மேற்பட்ட லைக்கன் வகைகளைக் கண்டார். நகரத்தின் மற்ற பகுதிகளில் அப்படி இல்லை. மரங்கள் வெறுமையாக நின்றன. பாரிஸ் வீடுகளிலும் ஆலைகளிலும் நிலக்கரி புகைந்துகொண்டிருந்த காலம் அது. காற்று எவ்வளவு ஆரோக்கியமானது என்பதை அளக்கும் கருவியாக லைக்கன்களைக் கொள்ளலாம் என்று 1866-இல் அவர் எழுதினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டு என்று அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் நைலாண்டரும் ஒருவர். லைக்கன் என்றால் என்ன என்பதில் அவர் தவறிவிட்டார். அது என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் படித்துவிட்டார்.

அவர் ஆயுள் முடிவதற்குள்ளேயே லக்ஸம்பர்க் பூங்காவின் மரங்களிலிருந்தும் லைக்கன்கள் காணாமல் போயின. புகை அங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. மறுபடி அவை அந்தப் பூங்காவுக்குத் திரும்ப ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின.

எப்படிச் சாகிறது?

நிலக்கரியும் கந்தகம் கலந்த எண்ணெயும் எரியும்போது கந்தக டை ஆக்சைடு வாயு வெளியேறுகிறது. ஈரமாக இருக்கும் லைக்கனில் அது கரைந்து அமிலமாகிறது. அமிலம் முதலில் பாசியின் பச்சையத்தைச் சிதைக்கிறது. சமைத்துப் போடுகிற ஆள் படுத்துவிட்டால் வீடு என்ன ஆகும்? பூஞ்சையும் பட்டினியில் சாகிறது. லைக்கன் வெளுத்து, ஓரம் சுருண்டு, மரப்பட்டையிலிருந்து உதிர்ந்துவிடும்.

எல்லா வகையும் ஒரே நேரத்தில் சாவதில்லை. தாடி போலத் தொங்குகிற, குட்டிப் புதர் போலக் கிளைத்திருக்கிற வகைகள்தான் பொதுவாக முதலில் மறையும். காற்று படுகிற பரப்பு அவற்றுக்கு அதிகம். அடுத்து, இலை போல விரிந்திருக்கிறவை. மரப்பட்டையோடு சுண்ணாம்பு அப்பியதுபோல ஒட்டிக் கிடப்பவை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ஸ்டாக்ஹோம் நகரத்தின் நடுவே இவை எதுவுமே இல்லாத பகுதியை 1926-இல் ஸ்வீடன் அறிஞர் ருட்கர் செர்னாண்டர் 'லைக்கன் பாலைவனம்' என்று அழைத்தார்.

லண்டனில் 1952 டிசம்பரில் ஐந்து நாட்கள் புகைமூட்டம் கவிந்தது. முதலில் சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். பிறகு வந்த ஆய்வுகள் 12,000 வரை இருக்கலாம் என்றன. அதன் விளைவாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஹாக்ஸ்வொர்த்தும் ரோஸும் 1970-இல் ஓர் அளவுகோலைத் தயாரித்தார்கள். மரத்தில் எந்த லைக்கன் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தே, அந்த இடத்தின் காற்றில் கந்தக டை ஆக்சைடு எவ்வளவு என்று 0 முதல் 10 வரை தரம் பிரிக்கும் அளவுகோல் அது. அந்தக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள்கூட மரம் மரமாகப் போய் லைக்கன்களைக் குறித்து, பிரிட்டனின் காற்று மாசு வரைபடம் தயாரிப்பதில் பங்கெடுத்தார்கள். காற்று தெளியத் தெளிய லண்டன் மரங்களுக்கு லைக்கன்கள் திரும்பத் தொடங்கின. 1981-இல் அதே இருவர் அதையும் பதிவு செய்தார்கள்.

இரண்டு வரைபடங்கள்

மரத்தின் கதை இருக்கட்டும், மனிதர்களின் கதை என்ன என்ற கேள்விக்கு இத்தாலியிலிருந்து ஒரு பதில் வந்தது.

வெனிஸ் நகரம் இருக்கும் வெனெட்டோ மாநிலத்துக்கு வடக்கே ஆல்ப்ஸ் மலை, தெற்கே சமவெளி. சமவெளியில் தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலைகளும் நெருக்கமாக இருக்கின்றன. மலை தடுப்பதால் அங்கே காற்று எளிதில் கலைந்து போவதில்லை. டிரையஸ்டே பல்கலைக்கழக லைக்கன் அறிஞர் பியர் லூயிஜி நிமிஸும், நோய்ப் பரவலைக் கணக்கிடும் துறையைச் சேர்ந்த செசாரே சிஸ்லாகியும் ஒரு காரியம் செய்தார்கள். அந்த மாநிலத்தில் 662 இடங்களில் எடுக்கப்பட்ட லைக்கன் கணக்கை ஒரு வரைபடமாக்கினார்கள். 55 வயதுக்குட்பட்ட உள்ளூர் ஆண்களில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்களின் கணக்கை இன்னொரு வரைபடமாக்கினார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று மற்றொன்றின் நிழல் போல இருந்தது. லைக்கன் வகைகள் செழித்திருந்த மலைப்பகுதியில் சாவு குறைவு. லைக்கன்கள் குறையக் குறைய சாவு கூடியது. இரண்டு கணக்குகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைப் புள்ளியியலில் ஓர் எண்ணாகச் சொல்வார்கள். முழுப் பொருத்தம் என்றால் 1. இங்கே கிடைத்தது 0.95. 1997-இல் 'நேச்சர்' இதழில் வெளியான இந்த ஆய்வு, லைக்கன்களை மருத்துவ உலகமும் திரும்பிப் பார்க்க வைத்தது.

ஏன் 55 வயதுக்குட்பட்டவர்கள், ஏன் உள்ளூர்க்காரர்கள் என்று கேட்கலாம். நுரையீரல் புற்றுநோய் வழக்கமாக முதுமையில் வருவது. அதற்கு முன்பே ஓரிடத்தில் அதிகம் வருகிறது என்றால் அந்த இடத்தைச் சந்தேகிக்க வேண்டும். இடம் மாறி மாறிக் குடியிருந்தவர்களை வைத்துக் கணக்கிட்டால், எந்த ஊர்க் காற்று அவர்களைப் பாதித்தது என்று சொல்ல முடியாது. லைக்கனும் ஒரே மரத்தில் பல ஆண்டுகள் குடியிருப்பது. ஒரே காற்றைக் குடித்த இரண்டு உயிர்களின் கணக்கை ஒப்பிட்டதுதான் இந்த ஆய்வின் பலம்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. லைக்கன் இல்லாததால் யாருக்கும் புற்றுநோய் வராது. இரண்டு கணக்குகள் ஒத்துப்போவது மட்டுமே, ஒன்றால்தான் மற்றது வந்தது என்பதற்கு நிரூபணமும் ஆகாது. புகைபிடிக்கும் பழக்கம், செய்யும் தொழில் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எங்கே போய்த் தேட வேண்டும் என்று இந்த வரைபடம் விரல் நீட்டிக் காட்டியது. வெளிக்காற்று மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் உறுதியாக அறிவித்தது. லைக்கன் வரைபடம் வெளியாகி 16 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த அறிவிப்பு அது.

கொடைக்கானல் மரங்கள் வைத்திருந்த சாட்சி

லைக்கன் செத்துப்போய் மட்டும்தான் சேதி சொல்லும் என்றில்லை. உயிரோடு இருந்தும் சொல்லும். காற்றில் வரும் ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களைத் தன்னுள்ளே சேர்த்து வைத்துக்கொண்டே பல வகைகள் வாழ்ந்துவிடும். அதை எடுத்துச் சோதனைச்சாலையில் பரிசோதித்தால், அந்த இடத்துக் காற்றில் என்ன இருந்தது என்று தெரியும்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. கொடைக்கானலில் 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. தெர்மாமீட்டருக்குள் இருப்பது பாதரசம். சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகக்கூடியது. அந்த ஆவியைச் சுவாசித்தால் நரம்பு மண்டலமும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். கை நடுக்கம், மறதி, தூக்கமின்மை எல்லாம் வரும். பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது 2001-இல் வெளிச்சத்துக்கு வந்தது. மக்கள் போராடினார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது.

ஆலை மூடிய பிறகு, அது ஓடிய காலத்தில் காற்றில் என்ன கலந்தது என்று எந்தக் கருவியை வைத்து அளப்பது? ஹைதராபாத்தில் இயங்கும், பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் மரங்களிடம் போனார்கள். கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள மரங்களிலிருந்தும், அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிப் பகுதி மரங்களிலிருந்தும் லைக்கனையும் மரத்தில் வளரும் பாசியையும் எடுத்துச் சோதித்தார்கள். பேரிஜத்தைவிடக் கொடைக்கானல் ஏரிக்கரை லைக்கனில் பாதரசம் பல மடங்கு அதிகம். பாதரசம் தொழிற்சாலைச் சுவரோடு நின்றுவிடவில்லை, காற்றோடு ஊருக்குள் பரவியிருந்தது என்பதற்கு அது சாட்சி. 2003-இல் சர்வதேச ஆய்விதழில் இந்த முடிவுகள் வெளியாயின.

ஆலைக்குள்ளே வேலை செய்தவர்களின் போராட்டம் அதற்குப் பிறகும் நீண்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்குத் தொகை வழங்க நிறுவனம் ஒப்புக்கொண்டது 2016-இல்தான். இதை லைக்கன் வாங்கித் தந்தது என்று சொல்ல முடியாது. மக்கள் விடாமல் போராடி வாங்கியது. ஆனால் கோப்புகள் மாறலாம், நினைவுகள் மங்கலாம். ஏரிக்கரை மரத்தில் ஒட்டியிருந்த சாட்சியை மட்டும் யாராலும் திருத்தி எழுத முடியவில்லை.

எல்லா லைக்கனும் நல்ல சகுனமா?

இல்லை. மரத்தில் லைக்கன் இருந்தாலே காற்று சுத்தம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல நாடுகளில் கந்தகப் புகை குறைந்திருக்கிறது. ஆனால் வாகனப் புகையிலும் உரத்திலும் மாட்டுப் பண்ணைக் கழிவிலும் இருந்து வரும் நைட்ரஜன் சேர்மங்கள் கூடியிருக்கின்றன. அதைச் சத்தாக எடுத்துக்கொண்டு செழிக்கிற மஞ்சள் நிற லைக்கன்கள் ஐரோப்பிய நகரங்களில் மரம் முழுக்கப் படர்கின்றன. பார்க்க அழகாக இருக்கும். சொல்கிற சேதி வேறு. அதேபோல, கந்தகப் புகையில் மட்டும் செழித்து வாழ்ந்த ஒரு வகை, காற்று தெளிந்ததும் பிரிட்டனில் அருகிப்போனது. எனவே, எத்தனை இருக்கின்றன என்பதோடு எந்த வகை இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் சமவெளிபோல வெயிலும் வறட்சியும் மிகுந்த இடங்களில் காற்று நன்றாக இருந்தாலும் லைக்கன் குறைவாக இருக்கலாம். அதனால்தான் ஒரே வகை மரத்தை, ஒரே மாதிரியான இடங்களில் ஒப்பிட வேண்டும் என்கிறார்கள். ஐரோப்பாவில் இதற்கென்றே 2014-இல் ஒரு தர விதிமுறை வந்தது. இந்தியாவில் லக்னோவில் உள்ள தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக லைக்கன் ஆய்வில் ஈடுபட்டிருக்கிறது. பெங்களூரு லால்பாக் பூங்காவிலும் நகரச் சாலைகளிலும் அதன் ஆய்வாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

கருவிகளின் இடத்தை லைக்கன் பிடித்துவிடாது. இன்று காலை எட்டு மணிக்குக் காற்றில் நுண்துகள் எவ்வளவு என்று கேட்டால் கருவிதான் சொல்ல வேண்டும். ஆனால் தானியங்கிக் காற்றுக் கண்காணிப்பு நிலையம் அமைப்பது செலவு பிடிக்கிற காரியம். எல்லாத் தெருவிலும் வைக்க முடியாது. மரம் எல்லாத் தெருவிலும் நிற்கிறது.

உங்கள் தெரு மரத்தைப் பார்ப்பது எப்படி?

விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செய்ய ஏற்ற வேலை இது. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் நோட்டுப் புத்தகமும் போதும்.

• நேராக வளர்ந்த, வயதான மரமாகப் பாருங்கள். மா, தென்னை போன்றவை நல்லது. கொய்யா, தைலமரம் போலப் பட்டையை உரித்துப் போடுகிற மரங்கள் வேண்டாம், லைக்கன் தங்காது.

• மார்பு உயரத்தில் மரத்தைச் சுற்றிப் பாருங்கள். தொட்டால் பச்சையாக வழுக்குவது பாசி. காய்ந்த திட்டாக, ஓரம் தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் லைக்கன். சுண்ணாம்பு அடித்த தடத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

• ஒட்டிக் கிடப்பது, இலைபோல் விரிந்தது, புதர்போல் கிளைத்தது என்று மூன்றாகப் பிரித்து, எது எத்தனை என்று எழுதுங்கள். சமவெளியில் பெரும்பாலும் முதல் வகைதான் கிடைக்கும். மலைக்குச் சுற்றுலா போகும்போது மற்ற இரண்டையும் பார்க்கலாம்.

• போக்குவரத்து மிகுந்த சாலையோர மரத்தையும், உள்ளே தள்ளியிருக்கும் கோயில் நந்தவனத்திலோ பள்ளி வளாகத்திலோ நிற்கும் அதே வகை மரத்தையும் ஒப்பிடுங்கள்.

• படம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே மரத்தைப் பாருங்கள். பறிக்க வேண்டாம், உள்ளங்கை அகலம் வளர அதற்குப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

முன்பு திட்டுத் திட்டாக இருந்த மரங்களில் லைக்கன் வெளுத்து உதிர்கிறது என்றால் அதை அலட்சியப்படுத்த வேண்டாம். அது நோய் அறிக்கை அல்ல. ஆனால் பக்கத்தில் புதிதாக என்ன எரிகிறது, எந்த ஆலை வந்திருக்கிறது, குப்பை கொளுத்துகிறார்களா என்று கேட்க வைக்கிற காரணம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் மனு கொடுக்கும்போது தேதியிட்ட அந்தப் படங்களையும் சேர்த்துக் கொடுக்கலாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் இருந்தால், காலை நடைக்கும் விளையாட்டுக்கும் அந்தச் சாலையைத் தவிர்த்து வேறு இடம் பார்ப்பது நல்லது.

அடுத்த முறை மசாலாவுக்குக் கல்பாசியை எடுக்கும்போது ஒரு துண்டைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துக் காட்டுங்கள். பிறகு வாசலுக்குக் கூட்டிப்போய், அதன் உறவுக்காரர் யாராவது தெரு மரத்தில் இருக்கிறாரா என்று தேடச் சொல்லுங்கள். இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால், ஏன் இல்லை என்று அவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.